பிடி அரிசி

கறுப்பு ஹூடி நாற்பது
சௌக் சந்துக்குள் இரண்டு மூட்டையாக வந்து இறங்கின.
முதுகு முழுக்கப் பூ வேண்டும் என்றான் அதீப்.
ஸ்கேட்போர்டில் பறக்கிற பையனைப்
பின்னால் வரும் ஆட்டோக்காரர்
வழிமறந்து பார்க்க வேண்டுமாம்.

சொல்ல என்ன, வாய் இருக்கிறது.
என் ஊசி மல்மலுக்குப் பழகியது.
பின்பக்கம் தைத்தால் முன்பக்கம் நிழல் விழும்,
பக்கியா என்பது அவ்வளவுதான்,
ஒளிந்துகொண்டு பூப்பது.
இந்தத் துணியோ எருமைத் தோல், உள்ளே பஞ்சு.
நிழலை முழுசாக விழுங்கிவிட்டு
ஒரு ஏப்பம்கூட விடவில்லை.

ஜாலி போடலாமென்று ஓர் இழையை விலக்கினேன்.
பின்னல் துணிக்கு ரகசியம் தங்காது,
ஒரு கண்ணி அவிழ்ந்ததும்
வரிசையெல்லாம் அவிழ்ந்து ஓடிற்று.

அச்சுக்காரர் வழக்கமான நீலத்தில்
மாங்காய்க் கொடி அடித்துத் தந்தார்.
கறுப்பில் நீலம்.
ட்யூப் லைட்டுக்கு அடியில்
துணியைச் சாய்த்துச் சாய்த்து
கொடியின் வேரைத் தேடியதிலேயே
ஒரு ராத்திரி போயிற்று.

எப்படியோ முடித்தேன்.
அதீப் போட்ட படத்துக்கு
ஆயிரத்து இருநூறு இதயங்கள்.
விற்றது பதினொன்று.
திரும்பி வந்தது ஏழு.

குத்துகிறது.
எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.
ஒரு துவையலில் பூ முட்டைக்கோஸ் ஆகிவிட்டது.
(நாலாவது ஆள் எதுவும் எழுதவில்லை,
உறையில் மசாலா வாசனை மட்டும்.)

கோபத்தில் ஒன்றை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.
நாலு நாள் அதிலேயே சமைத்து, உறங்கி,
பஸ்ஸில் ஆலம்பாக் வரை போய் வந்தேன்.
பொய் சொல்லவில்லை அவர்கள்.
சாய்ந்து உட்கார்ந்தால்
முடிச்சு ஒவ்வொன்றும் முதுகெலும்பை எண்ணுகிறது.

ஆனால் கைகள்?
ஜனவரி. கோமதிப் பாலம் பனியில் பாதியோடு நிற்கிறது.
நாலு நாளும் கைகள் இரண்டும்
வயிற்றுப் பைக்குள்ளேயே கிடந்தன,
விரலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல்.

பையைப் பிரித்தேன்.
குர்தா தைத்து மிஞ்சிய மல்மலை உள்ளே அஸ்தராக வைத்தேன்.
அதில் முர்ரி, அரிசி அரிசியாக.
ஃபந்தா, தினை தினையாக.
அச்சும் இல்லை, நீலமும் இல்லை.
பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டே தைத்தேன்,
போடுகிறவரும் அப்படித்தானே பார்க்கப் போகிறார்.
வலக் கை போகும் பக்கம் ஒரு மீன்.
இடக் கைக்கு, அது நழுவிப்போன தண்ணீர்.

இதை எப்படிப் படம் எடுப்பது என்று கத்தினான் அதீப்.
கையை உள்ளே விடு என்றேன்.
விட்டான்.
டீ ஆறும்வரை வெளியே எடுக்கவில்லை.
பிறகு மெதுவாக ஆரம்பித்தான்,
வெளியே தெரியாத வேலைதானே, கூலி பாதி போடலாமா?

மறைந்த பூவுக்கு ஊசி பாதிதான் குத்துமா?
முடிச்சுக்கு இவ்வளவு என்று பேசு.
பேசினோம்.
எண்ணிச் சொன்னது நான்தான்.

பையில் அரிசி சிந்தியிருக்கிறது என்று
முதல் புகார் கோம்தி நகரிலிருந்து வந்தது,
உத்கர்ஷ் என்று ஒரு பையன்.
உலுக்கிப் பார்த்தானாம், விழவில்லையாம்.

பத்து நாள் கழித்து மறுபடி எழுதினான்.
மீன் இருப்பது தெரிந்துவிட்டது.
நேர்காணலுக்குப் போன இடத்தில்
கூப்பிடும்வரை உட்கார்ந்து
ஒவ்வொன்றாக எண்ணினேன்.
நூற்று நாற்பத்து மூன்று. சரியா?

அதீப்பிடம் நான் வாங்கியது
நூற்று ஐம்பதுக்கு.

பதில் எழுதினேன்:
குளிரில் விரல் மரத்திருக்கும்.
இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்.