காட்சி 41, வாயிற்கதவு

செம்பவாங் கிடைக்கவில்லை.
இரண்டு படிவம், மூன்று மின்னஞ்சல்,
பரிசீலனையில் உள்ளது என்றொரு வரி.
ஆகவே துவாஸில், பூட்டிய கிடங்கொன்றின் முன்
பலகை அடித்துச் சாம்பல் பூசி
கடற்படைத் தளத்தின் வாயிற்கதவை
ஒரே இரவில் எழுப்பினார் டெரன்ஸ் கோ.
சாயம் காயவில்லை.
சாய வேண்டாம் என்று எழுதி ஒட்டினோம்.

ஞாயிறு. அவர்களுக்கு விடுப்பு.
ஆளுக்கு அறுபது வெள்ளி, மதியம் பிரியாணி.
நாற்பது பேரும் லாரியின் பின்புறத்தில் வந்து
சக்கரத்தில் கால் வைத்து இறங்கினார்கள்.
ஐம்பதுகளின் லாரி ஒன்றுக்காக
மூன்று வாரம் அலைந்திருந்த டெரன்ஸ்
பார்த்துக்கொண்டே நின்றார்.
"பின்பக்கம் மட்டும் எடுத்தால் இதுவே போதும்.
எண்பலகையை மறையுங்கள்."

நான் ஒலிப்பதிவு.
காதில் கருவி மாட்டியவளுக்கு
எல்லாமே கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்:
நாற்பது வயிறு, நாற்பது சோடிச் செருப்பு,
"அண்ணே, ஊருக்கு அனுப்பிட்டியா?"
கூரைக்கு மேலே ஒரு ஜெட்.
ஜெட் அந்தக் காலத்துக்கு ஆகாது. காத்திருந்தோம்.

வசனம் ஒரே வரி:
வேலைக்குப் போகமாட்டோம்.
ஒத்திகையில் சொல்லிப் பார்த்தார்கள்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்,
கெட்ட வார்த்தை பழகும் பிள்ளைகள் மாதிரி.

துரை வேடத்தில் டங்கன். நீச்சல் கற்றுக்கொடுப்பவர்.
எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்.
இயக்குநர் திலகவதி ஓடிப்போய்த் தடுத்தாள்:
"சிநேகமெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்."

முன்வரிசைக்கு ஒரு முகம் தேவை.
பேராவூரணிச் செல்லத்துரையைப் பிடித்து நிறுத்தினாள்.
"பேருலயே துரை இருக்கு. அவரைப் பாத்துக் கத்துங்க."
அவர் கத்தவில்லை.
கேமராவைப் பார்த்துக் கேட்டார்:
"முகம் தெரியுமா?"

"பளிச்சுன்னு தெரியும்ண்ணே."

ஓரடி பின்னால் வைத்தார்.
அவருக்குப் பின்னிருந்தவரும் ஓரடி.
பிறகு எல்லோரும்.
"மார்ச்சுல பர்மிட் புதுப்பிக்கணும் தங்கச்சி.
இது சினிமான்னு எனக்குத் தெரியுது.
போன்ல பாக்கிற சூப்பர்வைசருக்கு
எந்த வருசம்னு தெரியுமா?"

"பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.
நான் பொறுப்பு" என்றாள் திலகவதி.
என் காதுக்குள் ஏதோ இடித்தது.
காலையில் டங்கனோடு மூன்று தடவை பதிவுசெய்த வரி அது,
பக்கம் முப்பத்தெட்டு,
ஆங்கிலத்தில்.
அவளுக்கும் இடித்திருக்க வேண்டும்.
தாளைப் புரட்டினாள், மூடினாள்.

லாரி நிழலில் போய்க் குந்தினார்கள்.
தமிழ் தெரியாத ரஃபிக்குலும் குந்தினார்.
இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.
வாடகைக் கேமரா வெயிலில் நின்றது.
பிரியாணி ஆறியது.
பிறகு செல்லத்துரை எழுந்து வந்து
முடிவைச் சொன்னார்:
முதுகை எடுத்துக்கொள்ளலாம்.
ஆளுக்கு எண்பது.

கேமராவைத் தூக்கிப் பின்னால் வைத்தோம்.
சட்டத்துக்குள் வியர்த்த முதுகுகள்,
அவற்றின் இடுக்கில் டங்கனின் சிறிய முகம்.
ஆக்‌ஷன்.

அப்படியொரு சத்தத்துக்கு நான் அளவு வைத்திருக்கவில்லை.
முள் சிவப்பைத் தாண்டிப் போனது.
டங்கன் நடிக்க மறந்து பின்வாங்கிக்
கதவில் சாய்ந்தார்.
கதவு ஆடியது.
அவர் சீருடை முதுகெல்லாம் சாம்பல் நிறம்.

முகம் தெரியாது என்று வாக்குக் கொடுத்திருந்தோம்.
குரலும் ஆளைக் காட்டும் என்பதை
நான் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது.
டெரன்ஸ் கறுப்பு நாடாவைக் கிழித்தெடுத்தார்.

இரவு, ஹவ்காங்கில் என் அறையில்
கோப்பைத் திறந்து கேட்டேன்.
கட் சொன்ன பிறகும் பதிவு ஓடியிருக்கிறது.
செருப்புச் சத்தம். தட்டுச் சத்தம்.
யாரோ தணிந்த குரலில்
யாரிடமும் இல்லாமல்
அந்த வரியை இன்னொரு தடவை சொல்கிறார்.

யாரென்று தெரியும்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
எண் மட்டும் போட்டேன்.