பதினெட்டு அங்குலம்

எங்கள் ஒழுங்கை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில்
ஒரு மதகு இருந்தது.
இரு கரையிலும் முழங்கால் உயரத்தில் கட்டு,
மேற்சீமெந்து தேய்ந்து வழுவழுத்துப் போய்.
எந்தப் படத்திலும் அது இருக்கை இல்லை.
மாரித்தண்ணி ஓட மதகு,
ஆள் தவறி விழாமலிருக்கக் கட்டு.
ஆனால் முழங்கால் மடிகிற உயரத்தில்
எதைக் கட்டிவைத்தாலும்
ஆரோ வந்து குந்தத்தான் செய்வார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஆறு பெடியள்.
ஆறு வருசம் அதைத் தாண்டித்தான் ரியூசனுக்குப் போனேன்,
முன்சில்லைப் பார்த்தபடி.
செயின் கழருவதென்றாலும் அந்த இடத்தில்தான் கழரும்.
அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை.
கதையை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.
நான் கடந்தபிறகு திரும்பத் தொடங்கும்.
அந்த மௌனம் பதினொரு மீற்றர் நீளம்.
பிறகொருநாள் அளந்தேன்;
இப்போது என் உத்தியோகம் அது.

வீதி அகலிப்பு வந்தபோது
சபையின் வரைபடத்தில் மதகு ஒரு சின்னச் சதுரம்.
'அகற்றப்படும்' என்று
சிவப்பு மையில் எழுதியது நான்.
கை நடுங்கவில்லை.
கொஞ்சம் சந்தோசம் என்றுகூடச் சொல்லலாம்.
பெக்கோ முக்கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்தது.
புரண்ட கல்லொன்றில் கொம்பாசால் கீறிய ஒரு பெயர்.
குனிந்து பார்த்தேன்.
என்னுடையதில்லை.

இப்போது காப்பெற் றோட்டு.
வாய்க்காலுக்குக் கொங்கிறீற் மூடி, றோட்டின் மட்டத்துக்கு.
இரு பக்கமும் எட்டடி மதில், தள்ளுகிற கேற்.
பார்சல்காரப் பெடியன் கேற்றுக்குக் கேற் நின்று
போனில் கேட்கிறான்:
"அண்ணை, நீங்கள் எந்த மதில்?"

ஐப்பசி மழையில், இரவு ஏழரைக்கு,
ஞானசேகரம் மாஸ்டரின் மோட்டார்சைக்கிள்
மூடியின் விளிம்பில் தட்டிச் சறுக்கியது.
சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்டதாம்.
வேறு ஆரும் போயிருப்பினம் என்று
எல்லாரும் நினைத்தார்களாம்.
மூன்று வீட்டுக் கமராவிலும் அவர் விழுந்திருக்கிறார்.
நான் மூன்றையும் பார்த்தேன், விசாரணைக்காக.
ஒன்றில் அவர் எழும்பப் பார்த்து
பிறகு நிலத்திலேயே இருந்துவிடுகிறார்,
மழைக்குள், குடையில்லாத ஒரு பிரயாணி
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறமாதிரி.

மணிக்கட்டு முறிவு, வேறொன்றுமில்லை.
இடக்கையால் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்:
'வீதி மிகவும் நன்று.
மூடியின் விளிம்பு அரை அங்குலம் உயர்ந்துள்ளது.
அதைத் திருத்தவும்.
நான் இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன்.
இது முறைப்பாடு அல்ல,
தகவலுக்காக.'

விளிம்பை ஒரு கிழமையில் செதுக்கிக் கொடுத்தோம்.
இருபத்திரண்டு நிமிடத்துக்கு
என்னிடம் படிவம் இருக்கவில்லை.

வாங்கு என்று எழுதினால் காசு ஒதுக்கமாட்டார்கள்.
'பாதுகாப்புக் கட்டு' என்று எழுதினேன்.
உயரம் நாநூற்றைம்பது மில்லிமீற்றர்,
பழைய கணக்கில் பதினெட்டு அங்குலம்.
"ஏன் சரியாக நாநூற்றைம்பது?" என்றார் பொறியியலாளர்.
"வெள்ள மட்டம், சேர்" என்றேன்.
மதகு இருந்த இடுக்கில் போடவில்லை.
வெளிச்சக் கம்பத்தடியில்,
றோட்டு விரிந்து கிடக்கிற பக்கத்தில் போட்டேன்.
விலகிப் போக விரும்புகிறவள்
ஆறு மீற்றர் விலகிப் போகலாம்.

போன வியாழன் அவ்வழியால் வந்தேன்.
கட்டின் நடுவில் ஒரு பெட்டை,
ரியூசன் பை மடியில்,
காலைத் தொங்கவிட்டபடி ரோல்ஸ் சாப்பிடுகிறாள்.
மூன்று பெடியள் சைக்கிளில் வந்தார்கள்.
இடம் பிடிபட்டிருப்பதைக் கண்டு
எதிர் மதிலடியில் கால் ஊன்றி நின்றார்கள்.
கதை நின்றது.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்,
விரலைத் துடைத்தாள்,
பையைத் திறந்து தண்ணிப் போத்தலைத் தேடினாள்.

அளவு நாடா என் கைப்பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.