கேரண்டி உண்டா

பதினோரு வெள்ளிக்கிழமைகளில் ஒரு படம்.
மனாமாவில், குதைபியாவின் பின்தெருக்களில்,
இரவல் கேமராவும்
துடைப்பக் கம்பில் கட்டிய மைக்கும்.
கம்பைப் பிடித்திருந்தவன் நான்.

இயக்குநர் ஜெஸிந்தா
மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
'ஆக்‌ஷன்' சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.
"அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்பாள்.
முடிந்ததும், "விடலாம்."

நாயகன் அபூசாலி, கீழக்கரைக்காரர்.
பணமாற்று நிலையத்தில் மூன்றாவது கவுண்டர்,
பத்தொன்பது வருடம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அப்பா போயிட்டார் என்று ஒருவன் அழுவான்.
இரட்டைப் பிள்ளை என்று ஒருவன் மிட்டாய் நீட்டுவான்.
இருவரிடமும் ஒரே குரலில் கேட்பார்:
"காரணம்?"
பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே அடித்துக்கொள்வார்:
குடும்பச் செலவு.

காட்சி இவ்வளவுதான்.
மதியம் ஷட்டர் இறக்கிய பாத்திரக்கடை.
ஒருவன் ரைஸ் குக்கர் பார்க்கிறான்,
ஊரில் இருக்கும் மனைவிக்கு, அவள் சொன்ன அளவில்.
கைபேசி அடிக்கிறது. அவள்தான்.
இனி நீங்க வர வேண்டாம் என்கிறாள்.
அவன் "ஓ" என்கிறான்.
பிறகு கடைக்காரரிடம்,
"இதுக்கு கேரண்டி உண்டா?"

கடைக்காரராக மகுடபதி அண்ணன்,
பொங்கல் விழா மேடையில் பதினாலு முறை ராஜா.
முதல் டேக்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.
"அண்ணே, போன்ல என்ன பேசினாங்கன்னே
உங்களுக்குத் தெரியாது" என்றாள் ஜெஸிந்தா.
"தெரியுமேம்மா" என்றார், கண்ணைத் துடைத்தபடி.
நான்காவதில் ஃபிரிட்ஜ் உறுமியது.
ஏழாவதில் அஸர் பாங்கு.
அபூசாலி தொழுதுவிட்டு
அதே முகத்தோடு வந்து அதே இடத்தில் நின்றார்.
ஆகஸ்ட். சத்தத்துக்காக ஏசியை அணைத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் குறைங்க பாய்."
"இதுக்கும் கீழே குறைச்சா மய்யித்துதான்மா."
யாரும் சிரிக்கவில்லை.
அவர் சொன்ன விதத்தில் அது
விடுமுறை விண்ணப்பம் மாதிரி இருந்தது.

பத்தாவது டேக்.
புருவம் அசையவில்லை, உதடும்.
குக்கரின் மூடியை எடுத்தார், வைத்தார்,
சரியாக உட்காருகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.
"ஓ."
கேமராவுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.
என் காதில் ஹெட்போன்.
எச்சில் விழுங்குகிறார்,
மேல்மாடி ஃப்ளாட்டில் நள்ளிரவில்
யாரோ அலமாரியை நகர்த்துவதுபோல.

"விடலாம்" என்றாள் ஜெஸிந்தா.
அவர் அப்படியே நின்றிருந்தார்,
விலைச்சீட்டைப் படித்துக்கொண்டு.
பன்னிரண்டு தினார், ஐந்நூறு ஃபில்ஸ்.

மார்ச்சில் திரையிட்டோம்.
எண்பது நாற்காலி, ஐம்பத்திரண்டு பேர்.
கேரண்டி உண்டா என்றதும் கூடம் வெடித்துச் சிரித்தது.
கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு மட்டும்
பாதியில் நின்றது,
இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நிற்பதுபோல.
திரையில் மகுடபதி அண்ணன்,
"ஒரு வருஷம். பில் பத்திரம்" என்றார்.
மறுபடி சிரித்தார்கள், ஆள் குறைவாக.
விளக்கு போட்டதும் அபூசாலி
"முகம் கொஞ்சம் வீங்கினாப்புல இருக்கு" என்றார்.
வேறு கருத்து இல்லை. பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

நேற்று சம்பளம்.
மூன்றாவது கவுண்டரில் வரிசை குறைவு.
பெறுபவர் பெயரை மாத்தணும் என்றேன்.
சீட்டைத் தள்ளினேன்.
ஆறு வருடமாக அவர் அடித்து அடித்துப் பழகிய பெயர் இல்லை அதில்.
பெயருக்கு முன்னால் 'அட்வகேட்' என்று இருந்தது.
படிக்கத் தேவைப்படுவதைவிட
ஒரு மூச்சு அதிகமாகப் பார்த்தார்.

"காரணம்?"

நான் முகத்தை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன்.
அவரே அடித்தார். பிரிண்டர் இழுத்தது.
ரசீதை இரண்டாக மடித்து
கண்ணாடிக்கு அடியில் நீட்டினார்.
"பில் பத்திரம்" என்றார்.

படத்தில் அது அவர் வசனமே இல்லை.