கியரில் இறங்குதல்

மேலே வந்து சேர்ந்தால் நாற்பது நிமிடம்.
மற்றவர்கள் டீக்குப் போகிறார்கள்.
நான் ஓய்வறைச் சிமெண்ட் தரையில்
பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து மல்லாக்கப் படுக்கிறேன்.
பேனரில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காதணி விழா.
அதன் முகம் என் இடுப்புக்கடியில் வராதபடி
கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன்.

கைகள் இரண்டையும் சிலுவைபோல் விரித்து, உள்ளங்கை தரையில்.
முட்டிகளைச் சேர்த்து மடக்கி மேலே.
முதுகுக்கும் தரைக்கும் நடுவே எறும்பு போகக் கூடாது
என்றாள் தபசும், குகையில் பிசியோதெரபி பார்ப்பவள்.

பதினேழு வருடம் ஸ்டியரிங் பிடித்த இடுப்பு.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
பஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
என் எலும்பு மூன்றாவது பக்கம்.

கண்டக்டர் சேசுராஜ் பையைக் குலுக்கி
ஐந்து ரூபாய்க் காசு இரண்டு எடுத்து
தோளுக்கு ஒன்றாக வைக்கிறார்.
"விழக் கூடாது மாதேசண்ணே, கலெக்ஷன் காசு."

முதல் நாள் எனக்குத் தரைதான் குறி.
முட்டியைத் தடாலென்று வலப்பக்கம் சாய்த்தேன்.
தொட்டுவிட்டது.
இடது தோள் எழுந்து எட்டிப் பார்த்தது,
காசு உருண்டு பெஞ்சுக்கடியில் போனது.
குனிந்து தேடுவதற்குள் பிடித்துக்கொண்டது இடுப்பு.

இறங்கும்போதுதான் கவனம் என்று
எனக்கா சொல்ல வேண்டும்?
டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு
ஏழாவது வளைவில் பிரேக்கைத் தேடியவர்களைத் தெரியும் எனக்கு.
வண்டியில் ஒருநாளும் செய்யாததை
உடம்பில் செய்திருக்கிறேன்.

ஆகவே இன்று இரண்டாம் கியர்.
மூச்சை விட்டுக்கொண்டே சாய்க்கிறேன்,
முட்டிகள் பிரியாமல்.
விலாவுக்குக் கீழே ஒரு கயிறு முறுக்கேறுகிறது.
கழுத்து தளர்வு. தாடை தளர்வு.
இடது தோளில் காசு லேசாக ஆடுகிறது.
அங்கே நிறுத்து.
தரைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது.
இருக்கட்டும்.

திரும்பி வருவதுதான் ஏற்றம்.
காலை வீசக் கூடாது, தொப்புளிலிருந்து இழுக்க வேண்டும்.
ஆள் நிறைந்த வண்டியாய் உறுமி வருகிறேன்.
எதிரே வருபவருக்கு வழிவிடுவதுபோல்
நடுவில் ஒரு கணம்.
அப்புறம் இடப்பக்கம்.

எட்டாவதில் மூச்சைப் பிடித்துவிட்டேன்.
சேசுராஜ் வாயாலேயே ஹாரன் அடிக்கிறார்.
பத்து செய்யச் சொல்லியிருந்தாள்.
ஒன்பதில் தொடை நடுங்க, விட்டுவிட்டேன்.
கோணலாகப் பத்தைவிட நேராக ஐந்து மேல் என்றும்
அவள்தான் சொன்னாள்.
அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காசுகள் இரண்டும் தோளிலேயே,
என் சூட்டோடு.

நான்கு பத்துக்கு வண்டி எடுத்தோம்.
ஒண்டிக்கடை தாண்டியதும் பனி.
வைப்பர் இடமும் வலமுமாய்ச் சாய்கிறது,
ரொம்ப வேகம், தபசும் பார்த்தால் திட்டுவாள்.
பின்னால் சேசுராஜ் சில்லறை தருகிறார்.
பலாப்பழத்தோடு உட்கார்ந்த அம்மாள்
காசை உள்ளங்கையில் வைத்து
ஒரு முறை மூடித் திறக்கிறார்.
கண்ணாடியில் அதற்கு மேல் பார்க்கவில்லை.
வளைவு வந்துவிட்டது.