இடது கால்

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்.
மலீஹா சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்.
டீக்கடை ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது.
என் ஆரஞ்சு இசட்டின் பானெட்டில்
பனியும் மணலும் குழைந்து
சந்தனம்போல் அப்பியிருக்கிறது.

மர்வான் தன் கறுப்பு மஸ்டாங்கில் வந்தான்.
"சாவிக்குச் சாவி. மேலே நாலாயிரம் நீ தா."
நேற்றுவரை ஆறாயிரம் என்றவன்.

ஒன்றரை மாதமாக இதே கணக்குதான்.
என்னுடையது ரெண்டாயிரத்து ஏழு,
ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ஓடியது,
சீட்டு இரண்டே இரண்டு.
அவனுடையது ஆறு வயது இளையது.
ஏசி போட்டால் பல் கிட்டிக்கும்.
கிளட்ச் கிடையாது.
பின்னால் சீட்டு என்ற பெயரில் இரண்டு பள்ளம்,
அதில் ஒரு குழந்தையோ
இரண்டு பை வெங்காயமோ உட்காரலாம்.

"ரெண்டுமே வேணாம்டி, ஒரு கரோலா எடு"
என்றாள் முபீனா.
அவளுக்குக் கார் என்பது நனையாமல் போவது.
இந்த ஊரில் ஏது மழை என்றேன்.
"அப்ப வேகாமல் போவது."

அஜ்மான் கிளினிக்கில் தினமும்
பத்துப் பதினொரு முழங்கால்களை
மடக்கி நீட்டுகிறேன்.
படி ஏறாதீங்க, தரையில் உட்காராதீங்க,
மூன்று மொழியில் சொல்கிறேன்.
சாயங்காலம் அல் நஹ்தா நெரிசலில்
ஒரு கிலோமீட்டருக்கு நூறு தடவை கிளட்ச் மிதிக்க
என் இடது முட்டி சொடக்குப் போடும்.
அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.
எக்ஸ்ரேவில் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

ஆனால் கோர்ஃபக்கான் மலைச்சாலை.
சுரங்கம் முடிந்ததும் அந்த வளைவு.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால்
கியர் குச்சி உள்ளங்கையில்
கன்று மடியை முட்டுவதுபோல் ஒரு முட்டு முட்டும்.
வாடகை செக்கின் தேதி
அந்த ஒரு நொடிக்கு மறந்துபோகும்.
ஒரு நொடிக்கு நாலாயிரம் திர்ஹம் தகுமா,
அதுதான் கேள்வி.

இருபது நிமிடம் என்று சாவியை மாற்றிக்கொண்டோம்.
முல்கியா அட்டையைப் பார்த்து
என் பெயரை வாசிக்க முயன்றான்.
மங்கையர்க்கரசியை
அட்டையிலேயே பாதியில் வெட்டியிருக்கிறார்கள்.
"மங்கயார்" என்றான். பரவாயில்லை.

அவன்தான் முதலில் கிளம்பினான்.
எட்டு வருஷத்தில் முதல் தடவையாக
என் வண்டியை வெளியிலிருந்து கேட்டேன்.
இவ்வளவு கரகரத்த குரலா அதற்கு?
பதிவுசெய்த தன் பேச்சைத் தானே கேட்டதுபோல்
கூச்சமாக இருந்தது.
கூடவே, போகிறதே என்றும்.

மஸ்டாங் இழுத்தது.
பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இழுத்தது.
ஒட்டகங்களுக்குப் போட்ட கம்பிவேலி
ஒற்றைக் கோடாக ஓடியது.
வலது கைக்கு வேலையில்லை.
தொடைமேல் வைத்தேன்,
விருந்தாளிபோல் இருந்துகொண்டது.
ரவுண்டபவுட்டில் இடது கால் தானாக எழுந்து
இல்லாத பெடலை அழுத்தியது.
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று
இருட்டில் கால் வைப்போமே, அப்படி.

முட்டி சொடக்கவில்லை.

திரும்பி வந்தேன். அவனைக் காணோம்.
இருபது நாற்பதானது.
ஒரு கரக் டீ வாங்கினேன்.
டாஷ்போர்டைத் திறந்தேன், திறக்கக் கூடாதுதான்.
டயர் கடை ரசீது.
ஒற்றைக் காலுறை, என் கட்டைவிரல் அளவு.
நாலு சீட்டை விட்டு
இரண்டு சீட்டுக்கு வருகிறவனிடம்
ஏன் என்று நான் கேட்கவேயில்லை.

வந்து இறங்கினான்.
"உன் ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது."
"தெரியும்."
"பிடித்திருக்கிறது."
அதுவும் தெரியும், சொல்லவில்லை.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
நாலாயிரம் வேண்டாம் என்றான்.

என் வண்டியில் ஏறினால்
சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறான், நெடிய ஆள்.
பின்கண்ணாடியில் சாலையைக் காணோம்,
கூரைதான் தெரிகிறது.
கண்ணாடியை மட்டும் திருப்பினேன்.
சீட்டையும் ஒரு நெம்பில் முன்னால் இழுத்துவிடலாம்.
இழுக்கவில்லை.
கால் நுனியால் எட்டி எட்டி மிதித்து
அல் நஹ்தா வரைக்கும் ஓட்டினேன்
அவனுடைய உயரத்தில்.

முட்டி வழி நெடுகச்
சொடக்குப் போட்டுக்கொண்டே வந்தது.