தெரியாது

பனி உருகத் தொடங்கிய வாரத்தில்
பணி உறைந்துவிட்டதென்று கடிதம்.
கோடைக்கு வரவேண்டிய பதினொரு பேருக்கும்
நானே ஃபோன் செய்தேன்.
மைட்டே உரியார்ட்டே அதற்குள்
பாய்சியில் அறையைக் காலி செய்து
நாயையும் ஏற்றிக்கொண்டு பாதித் தூரம் வந்திருந்தாள்.
பெட்ரோல் பங்க் இரைச்சலில் "சரி" என்றாள்.
பிறகு, "ரம்பத்துக்கு எண்ணெய் போட மறந்துடாதீங்க."

அலுவலகச் சுவரில் தொங்குகிறது அது,
ஆறடி.
மேல்காட்டுக்குள் இயந்திரம் நுழையக் கூடாதென்பது சட்டம்,
ஆகவே கை ரம்பம்,
ஆகவே இரண்டு பிடி.
ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட வேண்டும்.
தள்ளினால் வளையும்.
மைட்டே தொண்டை கிழியக் கத்துவது அதற்குத்தான்.
இப்போது ஒரு பிடியில் என் தொப்பி.

ஜூனில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
டல்லி ஓடைப் பாலம் நிற்கிறதா?
கணவாயில் பனி எவ்வளவு?
பத்தொன்பது வருஷம் இந்த மேசையில்
பதில் சொல்லியே பழகியவள் நான்.
பதில் என்னுடையதில்லை:
முந்தின நாள் யாரோ நடந்து
முழங்கால் சேற்றோடு உள்ளே வந்து
காபிக் கோப்பையைத் தேடிக்கொண்டே சொன்னது.
காடு எங்களுக்குக் கால்வழியாகத் தெரிந்திருந்தது.
அந்தக் கால்களில் ஒரு ஜோடி
அலாஸ்காவில் மீன் ஆலைத் தரையில் நிற்கிறது.
மைட்டேயுடையவை கிடங்கில்,
பெட்டிகளுக்கு நடுவே.

தெரியாது என்றேன்.
முதல் தடவை
பல் விழுந்த இடத்தை நாக்கு தொட்டதுபோல.
ஜூலைக்குள் வணக்கம்போல வந்தது.

கழிப்பறைகளைப் பற்றி எழுதப் போவதில்லை.
மூன்றைப் பூட்டியாயிற்று. நான்காவதற்கு
சனிக்கிழமைதோறும் வாளி, கையுறை, நான்.

வெர்னா ஸ்டோல்ஸ்
ஸ்போக்கேன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள்.
வருஷத்துக்கு ஒரே விடுமுறை.
என் தெரியாதுக்குத் தலையாட்டிவிட்டு நடந்தாள்.
மூன்றாம் நாள் திரும்பியிருக்க வேண்டும்.
ஐந்தாம் நாள் வந்தாள்,
கன்னத்தில் கீறல், ஒரு காலில் மட்டும் பூட்ஸ்,
கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தின் அட்டை.
பின்பக்கம் பென்சில்:

விழுந்த மரங்கள், நூற்று எழுபத்து மூன்று.
ஒரு சாண் என்றால் தாண்டலாம்.
இரண்டு முழம், அடியில் ஊர்ந்து போகணும்.
கட்டிப்பிடித்தும் கை சேரவில்லை, சுற்றணும்.
தொண்ணூற்று ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
எதுவும் எழுதவில்லை, ஒரு கோடு.
அங்கே சுற்றப் போனவளுக்குப்
பாதை திரும்பக் கிடைக்க
ஓர் இரவும் அரைப் பகலும்.

"பாலம் இல்லை," என்றாள்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டாள்,
சாவியைக் கொடுத்தேன்.

அட்டையை வாசலில் குத்தி வைத்தேன்.
நான்கு நாள் மறுபடி பதில் உள்ளவளானேன்.
விரல் வைத்துக் காட்டினேன்:
இங்கே ஊர்ந்து, இங்கே சுற்றி,
இந்தக் கோட்டில் மட்டும் நின்று யோசித்து.

ஐந்தாம் இரவு காற்று.
வண்டு தின்று, நின்றபடியே செத்த பைன்கள்
விழும் சத்தம் படுக்கைவரை வந்தது.
ஒன்று.
வெகுநேரம் எதுவுமில்லை.
பிறகு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக.
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

காலையில் கதவு திறக்குமுன் இரண்டு பேர்.
முதுகுப்பையில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.
அட்டையைப் படித்துவிட்டு
"அப்போ நூற்று எழுபத்து மூன்றா?"

"அது போன வாரக் கணக்கு," என்றேன்,
ரம்பத்திலிருந்து தொப்பியை எடுத்தபடி.
பிடி வெறுமனே ஆடியது.
உயரமானவள்
அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.