நெற்றியிலிருந்து எடுத்தது

பீலிக்கரையில் குந்தி
சன்லைட் கட்டி கரையக் கரைய
அவளே கழுவியிருக்கிறாள்.
அந்தக் கழுவல்தான் முதல் மருந்து
என்றார் டாக்டர்.
மூக்கின் நுனி மட்டும் எங்கேயோ
ஏழாம் நம்பர் மலையில்,
தேயிலைத் தூருக்கடியில்.

ஞானசவுந்தரி, நாற்பத்து நான்கு,
பொகவந்தலாவைப் பக்கம்.
கொடி பிடுங்கக் குனிந்தவளுக்கு
அங்கே ஒரு நாய்
குட்டி போட்டிருந்தது தெரியாது.
மண்வெட்டிக் காம்பால் அதை அடித்துப் போட்டார்கள்.
அதன் தலை ஐஸ்பெட்டியில் கொழும்புக்கு,
இவள் முகம் ஆம்புலன்ஸில் கண்டிக்கு.
ஒரே பின்னேரம்.

காயத்தைச் சுற்றிச் சுற்றி ஊசி.
எண்ணிக்கொண்டே வந்து
பதினொன்றில் விட்டுவிட்டேன்.

டாக்டருக்குத் தமிழ் வராது.
இவளுக்குச் சிங்களம் சந்தை வரைக்கும்.
நடுவில் நான், தியேட்டர் லேபர்.
அவர் தாளில் படம் போட்டார்:
நெற்றியில் ஒரு துண்டு,
புருவத்தருகே காம்பை விட்டு
அப்படியே திருப்பி இறக்கி மூக்கில்.
காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு.
மூன்று வாரம் காம்பை அறுக்கக் கூடாது.

"தேயிலையில ஒட்டுக்கன்னு வைக்கிற மாதிரி" என்றேன்.
"தேயிலைக்கு ஏது ஒட்டு? தண்டு வெட்டி வைப்பாங்க.
ஒட்டு, தோடைக்கு" என்றாள்
கட்டுக்குள்ளிருந்து.
பிறகு,
"குட்டிங்களுக்கு யாரு தம்பி பால் வைக்கிறா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.
எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார், சேர்.
சிங்களத்தில் அது சுலபமாக இருந்தது.

தலையெழுத்து என்பார்களே,
அதை அளந்து, கீறி, உரித்து இறக்கியபோது
ட்ரே பிடித்துக்கொண்டு நின்றேன்.
அடியில் மஞ்சள் கொழுப்பு,
அதற்கும் கீழே மெல்லிய சிவப்பு.
எழுத்து ஒன்றும் இல்லை.

புருவத்திலிருந்து மூக்குக்குச் சதைப்பாலம்.
அதோடு வார்டில் நடந்தாள்.
ஆட்கள் பார்க்க வரும் நேரம்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து பதில்:
நாய்க்கு வெறி இல்லை.
"அதான் தெரியுமே" என்றாள்.

பாலத்தை வெட்டிய மறுநாள்
கட்டு மாற்றிய மிஸ்ஸியின் ஈரப்பஞ்சு
புது மூக்கின் நுனியில் பட்டது.
கண்ணை மூடிக் கிடந்தவள்
"பொட்டா வைக்கிறீங்க?" என்றாள்.

மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார்.
இதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது.
நான் தேடிக்கொண்டிருக்கும்போதே

"கொஞ்சம் எறக்கி வைங்க."